வீட்டை இழுத்துச் சென்றவர்கள்

பயணம் என்றால் வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவது என்பதே நம் வழக்கம். அடுத்த வீட்டாரிடம் சாவியை ஒப்படைத்து, பூச்செடிகளுக்கு நீர் ஊற்றச் சொல்லி, நாய்க்குச் சோறு வைக்க ஓர் ஆளையும் தேடிப் பிடித்துவிட்டுக் கிளம்புகிறோம். கிளம்பிய மறுநாளே செடியைப் பற்றியும் நாயைப் பற்றியும் கவலைப்படத் தொடங்குகிறோம். இக்கவலைக்கு ஒரே மருந்து வீட்டையும் நாயையும் உடன் கொண்டு செல்வதே என்று முடிவு கட்டியவர்களும் உலகில் உண்டு. மோட்டார் வண்டியின் பின்னால் சிறு வீடொன்றைப் பூட்டிக்கொண்டு, கணவனும் மனைவியும் நாய்களுமாக மாதக்கணக்கில் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குச் செல்லும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றி நெடுங்காலம் ஆயிற்று. அவ்வண்டியை அமெரிக்கர் டிரெய்லர் என்பர். ஆங்கிலேயர் காரவன் என்பர். நான் இக்கட்டுரையில் வண்டிவீடு என்றே குறிப்பிடுகிறேன்.

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது என்று படிக்கப் புகுந்தபோது ஒன்று எனக்குப் புலனாயிற்று. இதன் வரலாற்றை எழுதியோர் பொறிகளையும் மைல்களையும் எண்ணியிருக்கிறார்கள். ஆனால், இவ்வண்டியைத் தோற்றுவித்தவை விட்டுச் செல்ல மனம் ஒப்பாத சில எளிய பொருள்களும் உயிர்களுமே ஆகும். ஓர் அடுப்பு, ஒரு படுக்கை, ஒரு நாய். அவற்றை விட்டுவர மறுத்தவர் பெரும்பாலும் பெண்ணாக இருந்தார் என்பதும், அவர் பெயர் பெரும்பாலும் பின்னால் தள்ளப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் உள்ளே கிடக்கும் செய்திகள்.

தமிழ் படித்தவர்க்கு இது முற்றிலும் புதிய காட்சியன்று. உப்பு வணிகரான உமணர் தம் மனைவி மக்களோடு வண்டித் தொடராகச் சென்றதைப் பத்துப்பாட்டில் காண்கிறோம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வண்டியில் கோழிக்கூடும் உண்டு. குழந்தையை ஏந்திய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். சிறுபாணாற்றுப்படையில், உமணர் பிள்ளைபோல் வளர்த்த குரங்கு ஒன்று அவர்தம் சிறுவரோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. ஆயினும் உமணர் பிழைப்பிற்காகச் சென்றவர்கள். பிழைப்பிற்கன்றி, இன்பத்திற்காகவே வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றியவர்களின் கதை மிகவும் பிற்பட்டது.

அக்கதை பிரிட்டனில் தொடங்குகிறது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்காட்லாந்துக்காரர். சிறுவர்க்கான கதைகளை மிகுதியாக எழுதியவர். நாய் வளர்ப்பைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். ஜிப்சி மக்களின் வண்டிகளைக் கண்டு ஆசை கொண்டு, பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில் தமக்கென ஒரு வண்டிவீட்டைச் செய்வித்தார். ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள அவ்வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. 'வாண்டரர்', அதாவது 'அலைபவன்' என்று அதற்குப் பெயரிட்டார். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள டுவைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள இன்வர்னஸ் வரை அதில் சென்றார். உடன் சென்றவர்கள் ஒரு வண்டியோட்டி, ஒரு பணியாளர், ஒரு கிளி இனப் பறவை, 'ஹரிக்கேன் பாப்' என்னும் பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாய். குறுகலான சாலையில் எதிரே வருவோரை எச்சரிப்பதற்காகப் பணியாளர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றார். இன்பச் செலவிற்கென்றே அமைந்த முதல் வண்டிவீடு இதுவே என்பர்.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜிப்சி ஒருவன் சக்கர வீட்டில் வந்தால் ஊர்க்காவலர் அவனை விரட்டினர். கடற்படை மருத்துவர் அதே போன்ற வீட்டில் வந்தால் கூட்டம் கூடி வரவேற்றது. வண்டி ஒன்றுதான், வண்டிக்குள் இருப்பவன் யார் என்பதைப் பொறுத்துச் சாலையின் முகம் மாறியது.

அமெரிக்காவில் நாய்தான் முன்னே வந்தது. வீடு பின்னர் வந்தது. வெர்மாண்ட் மாநிலத்து மருத்துவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன், மோட்டார் வண்டியில் அந்நாட்டைக் குறுக்கே கடக்க முடியும் என்று சான்பிரான்சிஸ்கோவில் 50 டாலர் பந்தயம் கட்டினார். 1903ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் செவால் கிராக்கர் என்னும் பொறிவினைஞருடன் வின்டன் வண்டியொன்றில் புறப்பட்டார். வண்டிக்கு மேற்கூரை இல்லை. முன் கண்ணாடி இல்லை. நகரங்களை விட்டால் நாடு முழுவதிலும் செப்பனிட்ட சாலை 150 மைல்கூட இல்லாத காலம் அது. வழியில் ஐடஹோ மாநிலத்தில் 15 டாலர் கொடுத்து 'பட்' என்னும் நாயை வாங்கினார். உவர்மண் புழுதி நாயின் கண்ணை உறுத்தவே, மோட்டார் ஓட்டிகள் அணியும் காப்புக் கண்ணாடியை அதற்கும் அணிவித்தார். கண்ணாடி அணிந்த நாய் ஊர்தோறும் செய்தித்தாள்களில் இடம் பெற்றது. 63 நாள் பயணத்திற்குப் பின், ஜூலை 26ஆம் நாள் விடியுமுன் மூவரும் நியூயார்க்கை அடைந்தனர். 50 டாலர் பந்தயத்திற்காக மருத்துவர் செலவிட்டது ஏறத்தாழ 8,000 டாலர். கணக்குப் பாடத்தில் இவரை எடுத்துக்காட்டாகக் கூற இயலாது.

இப்பயணத்தில் அவருடைய மனைவி பெர்த்தா உடன் செல்லவில்லை. புகைவண்டியில் ஊர் திரும்பினார். கணவர் வழியெங்கும் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே சென்றார். கூரையற்ற வண்டியில், மண்ணில் படுத்து, கிடைத்ததை உண்டு செல்லும் பயணத்தில் மனைவிக்கு இடமில்லை என்பதே அன்றைய எண்ணம். மனைவிக்கும் இடம் வேண்டுமாயின் வண்டியோடு வீடும் வரவேண்டியிருந்தது.

அவ்வீடு சிறிது சிறிதாக வந்தது. 1913இல் நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைக்கும் லிங்கன் நெடுஞ்சாலை அறிவிக்கப்பட்டது. ஃபோர்டு வண்டி எளிய குடும்பங்களின் கைக்கு எட்டியது. முதல் உலகப்போர் முடிந்தபின் குளிர்காலத்தில் புளோரிடாவிற்குக் கூடாரத்தோடும் தகர டப்பா உணவோடும் சென்றவர்கள் 1919இல் தாம்பா நகரில் 'தகரடப்பாப் பயணிகள்' என்ற பெயரில் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். பிறர் ஏளனமாக அழைத்த பெயரைத் தமக்கே விருதாகச் சூட்டிக்கொண்ட அவர்களுடைய துணிவு பாராட்டத்தக்கது. வண்டியின் முகப்பில் ஒரு தகர டப்பாவைப் பொருத்திக்கொள்வது அவர்களுடைய அடையாளம்.

கூடாரத்திலிருந்து கெட்டியான சுவருக்கு மாறியதற்கு ஒரு மழை காரணம். டிட்ராய்ட் நகரில் மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த ஆர்தர் ஷெர்மன், 1929இல் நொடியில் விரியும் என்று விளம்பரம் செய்யப்பட்ட கூடார வண்டியொன்றை வாங்கிக் குடும்பத்தோடு சென்றார். மழை வந்தது, கூடாரம் எளிதில் விரியவில்லை, மனைவி மக்கள் நனைந்தனர். ஊர் திரும்பியதும் தச்சரைக் கொண்டு மரச்சட்டத்தில் ஒரு பெட்டிவீடு செய்வித்தார். அக்கால மேற்குக் குடியேற்றத்தாரின் நினைவாக அதற்கு 'மூடிய வண்டி' என்று பெயரிட்டனர். கண்டவர் எல்லாம் கேட்கவே அது தொழிலாயிற்று. 1930களின் நடுவில் அமெரிக்காவின் மிகப் பெரிய வண்டிவீட்டுத் தொழிற்சாலையாக அது வளர்ந்தது.

மற்றொருவர் வாலி பையம். இவருடைய கதையைச் சற்று விரித்தே கூறவேண்டும். 1896இல் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ஆட்டு மந்தை மேய்த்தவர். இடையர் தங்கும் சிறு வண்டிக்குள் அடுப்பும் உணவுப் பொருளும் படுக்கையுமாக வாழ்ந்து பழகியவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லாஸ் ஏஞ்சலிஸில் இதழ்கள் நடத்தினார். ஊர் சுற்றுவதில் அவருக்கு இருந்த ஆவல் அவருடைய மனைவி மரியனுக்குத் தரையில் படுப்பதில் இல்லை. சமையலறை இல்லாமல் வரமாட்டேன் என்பது அம்மையாரின் நிலை. முதலில் ஃபோர்டு வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் கூடாரம் ஒன்றைப் பொருத்திப் பார்த்தார் கணவர். அது மழைக்கு ஆகவில்லை. பின்னர் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு பெட்டியைக் கட்டி, அதில் அடுப்பும் பனிப்பெட்டியும் வைத்தார். வண்டியின் தளத்தைச் சக்கரங்களுக்கு இடையே தாழ்த்திக் கூரையை உயர்த்தியது அவர் செய்த பெரிய மாற்றம். அதனால் மனிதர் நிமிர்ந்து நின்று சமைக்க முடிந்தது. 'ஏர்ஸ்ட்ரீம்' என்னும் பெயரில் வளர்ந்த அந்நிறுவனம், 1936இல் விமானத்தைப் போல அலுமினியத் தகடுகளை ஆணியடித்து இணைத்த 'கிளிப்பர்' என்னும் வண்டிவீட்டை 1,200 டாலர் விலையில் விற்றது. அவ்வடிவம் முழுவதும் அவருடையதன்று. லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி போலஸ் 1934இல் செய்த வண்டியே அதற்கு முன்னோடி. பறவைபோல் மின்னும் அவ்வெள்ளி வண்டியைப் பற்றிப் பேசுவோர் பையமையும் போலஸையும் கூறுவர். நிமிர்ந்து நின்று சமைக்க வேண்டும் என்று கேட்ட மரியனைக் கூறுவோர் சிலரே.

இவ்வண்டியை இழுத்துச் செல்வது எளிய வேலையன்று. வண்டிவீட்டின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு முன்பக்கத்துக் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பின்பகுதி பாம்பின் வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கி, முன்னே செல்லும் வண்டியையும் இழுத்துக் கவிழ்க்கும். ஆகவே எப்பொருளை எங்கே வைப்பது என்பது உயிரைக் காக்கும் கணக்கு. 150 லிட்டர் தண்ணீரை ஏற்றினால் 150 கிலோ கூடுகிறது என்பதை மறந்தவன் முதல் மலைச் சரிவிலேயே நினைவுகூர்வான். பின்னோக்கிச் செலுத்தும்போது வண்டி வலப்புறம் திரும்பவேண்டுமானால் கைச்சக்கரத்தை இடப்புறம் திருப்பவேண்டும். மாலையில் முகாமிற்கு வந்து சேர்ந்ததும் கணவர் வண்டியைப் பின்னோக்கி ஓட்ட, மனைவி பின்னால் நின்று கைகாட்டுவது வழக்கம். பல்லாண்டு இல்லறத்தில் எழாத பூசல்கள் அந்தப் பத்து நிமிடத்தில் எழும் என்பது அவர்களிடையே வழங்கும் வேடிக்கை.

நாய் உடன் வந்தால் பயணத்தின் அளவை நாயே வகுக்கிறது. ஓடும்போது நாய் வண்டிவீட்டுக்குள் இருத்தலாகாது. முன்வண்டியில் மனிதரோடு இருக்கவேண்டும். சில மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி அதை நடத்த வேண்டும். வெயிலில் மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டுச் சந்தைக்குச் சென்றால் சற்று நேரத்திற்குள் உயிருக்கே கேடாகும். ஆகையால், ஒருநாளில் 500 மைல் ஓட எண்ணியவரும் 250 மைலோடு நின்றுவிடுகிறார். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் நடைபாதைகளுக்குள் நாயை விடுவதில்லை. கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் நாயோடு நடக்கலாம். உள்ளே இறங்கும் பாதையில் அனுமதி இல்லை. யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள பலகைப் பாதைகளிலும் அவ்வாறே. ஆதலின் கணவர் சென்று பார்த்துவர மனைவி நாயோடு காத்திருப்பார். பின்னர் மனைவி செல்ல, கணவர் காத்திருப்பார். ஆயிரம் மைல் சேர்ந்து வந்து, காணவந்த காட்சியைத் தனித்தனியே காண்பது விந்தையே. ஆயினும் இருவரும் ஒன்றாகச் சென்று நாயைக் கட்டிப்போட்டு வருவதை அவர்கள் விரும்பவில்லை. கடலைக் கடப்பதும் நாய்க்கு எளிதன்று. 2000ஆம் ஆண்டுக்கு முன்பு பிரிட்டனுக்குள் கொண்டுவரப்பட்ட நாயை வெறிநோய் அச்சத்தால் ஆறு மாதம் தனியே அடைத்து வைத்தனர். எனவேதான் கடலைத் தாண்டாமலே பல்லாயிரம் மைல் செல்லக்கூடிய அமெரிக்கப் பெருநிலம் நாயோடு செல்வோர்க்கு ஏற்றதாயிற்று.

வண்டிவீடு எல்லோர்க்கும் இன்பவீடாக இருந்ததில்லை. 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வீடிழந்தோர் பலர் அதில் குடியேறினர். இன்னும் இருபதாண்டில் அமெரிக்க மக்களில் பாதிப்பேர் சக்கர வீட்டில் வாழ்வர் என்று பொருளியல் கணிப்பாளர் ராஜர் பாப்சன் அந்நாளில் முன்னுரைத்தார். அது பொய்த்தது. ஆனால் ஊர்கள் அஞ்சின. பல நகராட்சிகள் வண்டிவீடு தங்குவதைத் தடைசெய்தன. இரண்டாம் உலகப்போரின்போது போர்த் தொழிற்சாலைகளுக்கு வந்த தொழிலாளர்க்காக அரசே ஆயிரக்கணக்கில் அவற்றை வாங்கி நிறுத்தியது. கறுப்பின மக்களுக்கோ சாலையே அச்சம் தருவதாக இருந்தது. எந்த விடுதி அவர்களை ஏற்கும், எந்த உணவகம் சோறு போடும் என்று குறிப்பிடும் வழிகாட்டி நூலை ஹார்லெமில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் வெளியிட்டார். 1964இல் குடியுரிமைச் சட்டம் வரும்வரை அந்நூல் அவர்களுக்கு உயிர்த்துணையாக இருந்தது. திறந்த சாலை என்று பாடப்பட்டது யாருக்குத் திறந்திருந்தது என்பதை வரலாறு கற்பிப்போர் கூறாமல் விடலாகாது.

போருக்குப்பின் காலம் மாறியது. 1956இல் மாநிலங்களிடை நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் சாலைக்கு வழி வகுத்தது. பையம், வண்டிவீடுகளைத் தொடர்தொடராக அயல்நாடுகளுக்கு நடத்திச் செல்லலானார். 1951இல் மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்காவிற்குப் புறப்பட்ட 63 வண்டிகளில் இறுதிவரை சென்றவை 14 மட்டுமே. ஆயினும் அவர் ஓயவில்லை. 1959இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை நாற்பது வண்டிகள் அளவில் சென்றன; எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி அவர்களை நேரில் கண்டார். வந்தவர்களில் பெரும்பாலோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவியர். பையம் 1962இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, அதாவது மலேசியா அமைந்த அதே 1963இல், அவர் வழிவந்தோர் உலகம் சுற்றும் தொடர் ஒன்றைத் தொடங்கினர். அது புறப்பட்ட இடம் நம் சிங்கப்பூர். முடிந்த இடம் போர்ச்சுகலின் லிஸ்பன். நம் சாலையில் நின்று அவ்வெள்ளி வண்டிகளைப் பார்த்த பள்ளிச் சிறுவர் யாரேனும் இருந்திருந்தால், இன்று அவர்களும் ஓய்வு பெற்ற முதியோரே.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960ஆம் ஆண்டு செப்டம்பரில் சார்லி என்னும் முதிய நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டதும் இக்காலத்திலேதான். அவருடையது இழுத்துச் செல்லும் வீடன்று; சரக்கு வண்டியின் மேலேயே அமைத்த சிறு வீடு. டான் குவிக்சாட்டின் குதிரைப் பெயரான ரோசினாந்தே என்பதை அதற்குச் சூட்டினார். வழியில் சார்லிக்குச் சிறுநீர் இறங்காத நோய் கண்டு மருத்துவரைத் தேடி அலைந்ததை அவரே எழுதியிருக்கிறார். 1962இல் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. தனிமனிதனும் ஒரு நாயும் என்றே உலகம் அந்நூலை நினைவில் வைத்துள்ளது. 2010ஆம் ஆண்டில் அதே வழியில் சென்று ஆராய்ந்த செய்தியாளர் ஒருவர், பயணத்தின் பல நாள்களில் மனைவி எலைன் உடனிருந்தார் என்றும், பல இரவுகள் விடுதிகளிலேயே கழிந்தன என்றும் காட்டினார். இதனால் ஸ்டைன்பெக்கின் எழுத்திற்குக் குறைவு வந்துவிடாது. நாய்க்கு நூலின் தலைப்பிலேயே இடம் கிடைத்தது. மனைவிக்குச் சில பக்கங்களே கிடைத்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இவ்வண்டிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1969ஆம் ஆண்டு ஜூலையில் நிலவிலிருந்து மீண்ட மூவரையும் நோய்த்தொற்று அச்சத்தால் தனிமைப்படுத்தி வைத்த பெட்டி, சக்கரம் நீக்கிய ஏர்ஸ்ட்ரீம் வண்டிவீடே. அமெரிக்க அதிபர் நிக்சன் கப்பல் தளத்தில் நின்று அதன் பலகணி வழியே அவர்களை வாழ்த்தினார். சில நாள் கழித்து அது ஹூஸ்டனுக்கு வந்தபோது மூவரின் மனைவியரும் வெளியே நின்று, கண்ணாடிக்கு அப்பால் இருந்த கணவரோடு தொலைபேசியில் பேசினர். பிறரெல்லாம் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லக் கட்டிய வீடு, அன்று மனைவியரை வெளியே நிறுத்தியது.

இத்துணை செய்திகளையும் நான் ஏன் தேடித் தேடிப் படித்தேன் என்று வாசகர் கேட்கலாம். நான் இளம் ஆசிரியனாகத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றியபோது எங்களிடம் மணி என்றொரு நாய் இருந்தது. மழைநாளில் பள்ளித் தாழ்வாரத்தில் பிள்ளைகளோடு படுத்துக் கிடக்கும். எனக்கு நகரப் பள்ளிக்கு மாற்றலாயிற்று. கிடைத்த குடியிருப்பு அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. அங்கே நாய்க்கு இடமில்லை. பக்கத்து வீட்டுத் தண்டலிடம் அதை ஒப்படைத்துவிட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினோம். செம்பனைக் காட்டு மண்சாலையில் தோட்டத்து வாயில்வரை மணி லாரியின் பின்னால் ஓடிவந்தது. என் துணைவியார் முன் இருக்கையில் அமர்ந்து மடியிலிருந்த சாமிப் படங்களைப் பிடித்துக்கொண்டு வந்தார், திரும்பிப் பார்க்கவில்லை, என்னிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டு வாசலிலேயே அது பல நாள் படுத்திருந்ததாகத் தண்டல் பின்னர் சொன்னார். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பதே தோட்டத்து வழக்கம். தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் வெளியேறிய நாள்களில் எத்தனை வீடுகளின் வாசலில் எத்தனை நாய்கள் அவ்வாறு படுத்துக் கிடந்தன என்று எவரும் எண்ணியதில்லை.

அண்மையில் ஒரு மாலை, கண்ணாடி அணிந்த பட் நாயின் படத்தைத் துணைவியாரிடம் காட்டி, அது மோட்டார் வண்டியில் அமெரிக்காவைக் கடந்த கதையைக் கூறினேன். பந்தயம், செலவு, 63 நாள், சேற்றில் சிக்கியது எல்லாவற்றையும் கூறினேன். வண்டி இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நாய் அதுக்கப்புறம் எங்கேங்க இருந்தது?” என்றார்.

மருத்துவர் அதைத் தம்மோடு வெர்மாண்டிற்கு அழைத்துச் சென்றார் என்றும், தன் இறுதி நாள் வரை அது அவர்கள் வீட்டிலேயே வாழ்ந்தது என்றும் கூறினேன்.

“அப்படின்னா சரி” என்று சொல்லிவிட்டு விளக்கேற்ற எழுந்து போனார்.